லாம்பெத் 474ஆம் கைப்பிரதியின் பிற்சேர்க்கைகள்: மூன்றாம் ரிச்சர்டின் செபநூலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

லண்டன் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் 474 என்னும் எண்ணில் பாதுகாக்கப்படும் இலத்தீன் செபநூல், ஏறத்தாழ 1420இல் எழுதப்பட்டுப் பின்னர் இங்கிலாந்தின் மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் கைக்கும், அவன் வீழ்ந்தபின் பகைத் தரப்பைச் சேர்ந்த மார்கரெட் போஃபோர்டின் கைக்கும் சென்றது. அந்நூலில் பிற்காலத்தார் சேர்த்தவற்றுள் மூன்று இங்கு ஆராயப்படுகின்றன. அவை நாட்காட்டியில் எழுதப்பட்ட பிறந்தநாட் குறிப்பு, மன்னன் பெயர் பொதிந்த நீண்ட செபம், இறுதிப் பகுதியில் உள்ள ஆங்கில ஈரடி ஆகியன. மன்னன் பெயர் பொதிந்த செபத்தை அவனது மனச்சான்றின் வாக்குமூலமாகக் கொள்ளலாமா என்பது இக்கட்டுரையின் மைய வினா. செபத்தின் சொற்களைக்காட்டிலும், அது சேர்க்கப்பட்ட முறையே வரலாற்றாய்வாளனுக்கு உறுதியான சான்று என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கைப்பிரதியியல், செபநூல், பிற்சேர்க்கை, மூன்றாம் ரிச்சர்டு, மார்கரெட் போஃபோர்ட், வாய்பாட்டு மொழி.

முன்னுரை

ஒரு கைப்பிரதியை ஆராய்வோர் முதலில் நாடுவது மூலபாடத்தை. பின்வந்தோர் ஓரங்களிலும் வெற்றிடங்களிலும் எழுதியவற்றை இடைச்செருகல் என ஒதுக்கிவிட்டு, மூல எழுத்தாளன் எழுதியது எது எனத் தேடுவது பதிப்பாசிரியரின் இயல்பான பணி. ஆனால் எல்லா வகை நூல்களுக்கும் இம்முறை பொருந்துவதில்லை. ஒரே பாடம் ஆயிரக்கணக்கான படிகளில் வழங்கும் நூலில் மூலபாடம் நமக்குப் புதிதாகச் சொல்வது குறைவு. அத்தகைய நூலை ஏனைய படிகளிலிருந்து வேறுபடுத்துவது, அதனைக் கையாண்டோர் விட்டுச் சென்ற குறிப்புகளே. இடைக்கால ஐரோப்பாவின் செபநூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

இங்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நூலுக்குத் தனிச் சிறப்பு ஒன்றுண்டு. அதன் உடைமையாளருள் ஒருவனான மூன்றாம் ரிச்சர்டு, ஷேக்ஸ்பியரின் நாடகத்தால் கொடுங்கோலனாக உலகறிந்தவன். 1483இல் காணாமற்போன அண்ணன் மக்கள் இருவரைப் பற்றிய ஐயம் இன்றளவும் அவன் பெயரோடு ஒட்டியுள்ளது. அவனைக் குற்றவாளி என்போரும், பழிசுமத்தப்பட்டவன் என்போரும் இச்செபநூலில் தத்தம் தரப்புக்குச் சான்று தேடினர். ஆதலால் பிற்சேர்க்கைகளை எவ்வாறு படிப்பது என்னும் கேள்வி இங்குப் பாடவியல் அளவில் நின்றுவிடாமல், இறந்த ஒரு மனிதனைப் பற்றி நாம் வழங்கும் தீர்ப்போடும் தொடர்புடையதாகிறது.

நூலின் இயல்பு

இடைக்கால மேலை ஐரோப்பாவில் துறவியர் நாள்தோறும் எட்டு வேளை செபித்தனர். அம்முறையைச் சுருக்கி, இல்லறத்தாரும் தனியே படிப்பதற்கேற்ப அமைக்கப்பட்டதே வேளைச் செபநூல் எனப்படும் வகை. 13ஆம் நூற்றாண்டில் தனி நூல்வகையாக உருப்பெற்று, 15ஆம் நூற்றாண்டில் செல்வர் இல்லங்கள் பலவற்றிலும் இடம்பெற்றது. திருநாட்களைக் குறிக்கும் நாட்காட்டி, கன்னி மரியாவுக்குரிய வேளைச் செபங்கள், மனத்துயர்த் திருப்பாடல்கள் ஏழு, புனிதர்களை வரிசையாக விளிக்கும் மன்றாட்டு மாலை, இறந்தோர்க்கான செபங்கள் என்பன இதன் நிலையான உறுப்புகள். பதப்படுத்திய தோலில் எழுதி, முதலெழுத்துகளுக்கும் பக்க ஓரங்களுக்கும் பொன்னும் வண்ணமும் தீட்டுவது வழக்கம். பெருந்திருநாட்கள் நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதப்பட்டன.

லாம்பெத் 474ஆம் கைப்பிரதி இவ்வகையில் ஆடம்பரமானதன்று. ஏறத்தாழ 1420இல் லண்டனில் உருவானது. ரிச்சர்டு பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. அக்காலத்தில் பிரான்சிலும் ஃபிளாண்டர்சிலும் அரச குடும்பத்தார்க்கென உருவான முழுப்பக்க ஓவிய நூல்களோடு ஒப்பிட இது எளியது. இதனை விரிவாக ஆராய்ந்து 1990இல் நூலாக வெளியிட்ட ஆன் சட்டன், லிவியா விஸர்-ஃபூக்ஸ் ஆகிய இருவரும், முதலில் ஒரு குருவின் பயன்பாட்டுக்காக எழுதப்பட்டிருக்கலாம் எனக் கருதினர்.

புதுநூல் எழுதுவிக்கும் வசதி படைத்த மன்னன், பிறர் பயன்படுத்திய அறுபதாண்டுப் பழைய நூலைத் தன் செபத்துக்கு வைத்துக்கொண்டான் என்பது கருதத்தக்கது. காட்சிப்பொருளாக அன்றிக் கைப்பொருளாகவே அது விளங்கியது என உய்த்துணரலாம். இவ்வுய்த்துணர்வுக்குத் துணைசெய்வன, அவன் காலத்தில் அதில் சேர்க்கப்பட்டவை.

முதற் சேர்க்கை: நாட்காட்டிக் குறிப்பு

நாட்காட்டியில் அக்டோபர் 2ஆம் நாளுக்கு எதிரே சிறு இலத்தீன் குறிப்பு ஒன்று உள்ளது. இங்கிலாந்தின் மன்னன் மூன்றாம் ரிச்சர்டு 1452ஆம் ஆண்டு ஃபோதரிங்ஹேயில் இந்நாளில் பிறந்தான் என்பது அதன் பொருள். இது மன்னனே தன் கைப்பட எழுதியது என அறிஞர் பொதுவாகக் கொள்வர்.

செபநூல்களின் நாட்காட்டிகளில் குடும்பத்தாரின் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றைக் குறித்துவைப்பது அக்கால வழக்கம். ஊராட்சிப் பிறப்புப் பதிவேடுகள் இல்லாத காலத்தில் அவையே குடும்ப ஆவணமாகப் பயன்பட்டன. எனினும் இக்குறிப்பைப் படிக்குங்கால் ஓர் எச்சரிக்கை தேவை. பிறப்பு 1452இல் நிகழ்ந்தது. குறிப்போ அவனை மன்னன் என்கிறது. அவன் ஆட்சி தொடங்கியது 1483 சூன் 26; முடிசூடியது அதே ஆண்டு சூலை 6. எனவே நிகழ்வுக்கும் பதிவுக்கும் இடையே குறைந்தது முப்பது ஆண்டு இடைவெளி உள்ளது. நிகழ்வின் காலம் வேறு, பதிவின் காலம் வேறு என்னும் அடிப்படை விதியை இது தெளிவாக விளக்குகிறது. அரசன் ஆனபின் ஒருவன் தன் பிறந்தநாளைத் திருநாட்களுக்கிடையே எழுதுகிறான். ஆகவே இது பிறப்புப் பதிவு மட்டுமன்று. அப்பிறப்புக்கு அரச பட்டம் தந்த புதிய பொருளின் பதிவுமாகும்.

இரண்டாம் சேர்க்கை: பெயர் பொதிந்த செபம்

நூலின் பிற்பகுதியில் வேறொரு கையால் நீண்ட இலத்தீன் செபம் ஒன்று எழுதப்பட்டுள்ளது. கிறிஸ்துவை நோக்கி வேண்டும் அதில், இறைவனின் ஊழியனாகிய அரசன் ரிச்சர்டு எனச் செபிப்போனின் பெயர் வெளிப்படையாக வருகிறது. பகைவரின் சூழ்ச்சியிலிருந்தும், துன்பம், துயரம், நோய், இடர் ஆகியவற்றிலிருந்தும் தன்னை விடுவிக்குமாறும், பகைவருடன் இணக்கம் உண்டாக்குமாறும் அவன் வேண்டுகிறான். அதற்கு ஆதாரமாக விவிலியத்தில் இறைவன் விடுவித்தோரின் பட்டியல் நீள்கிறது. ஏசாவின் கையிலிருந்து யாக்கோபு, உடன்பிறந்தார் கையிலிருந்து யோசேப்பு, வெள்ளத்திலிருந்து நோவா, சோதோமிலிருந்து லோத்து, பார்வோனிடமிருந்து மோசேயும் ஆரோனும், சவுலிடமிருந்தும் கோலியாத்திடமிருந்தும் தாவீது, பொய்க்குற்றச்சாட்டிலிருந்து சூசன்னா, சிங்கக் குகையிலிருந்து தானியேல், மீன் வயிற்றிலிருந்து யோனா எனப் பலர் அதில் இடம்பெறுகின்றனர்.

இச்செபத்தை மன்னனின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பே. 1484 ஏப்ரலில் அவனுடைய ஒரே முறைமகன் எட்வர்டு இறந்தான். 1485 மார்ச் 16இல் அரசி ஆன் மறைந்தாள். கடல் கடந்து ஹென்றி டியூடர் படைதிரட்டிக்கொண்டிருந்தான். இத்தகைய சூழலில் பகைவரிடமிருந்து காக்குமாறு வேண்டும் செபத்தைப் பார்ப்போர், அதில் அவனது தனிமையையும் அச்சத்தையும் கண்டனர். சூசன்னாவின் பெயரைக் கண்டோர், பொய்ப்பழிக்கு ஆளானவனின் முறையீடு என்றனர். அச்சத்தை முதன்மைப்படுத்துவோர் அதனைக் குற்றவுணர்வாகவும் விளக்கலாம். மன்னனின் சமய வாழ்வு பற்றி 1997இல் நூல் எழுதிய ஜோனதன் ஹியூஸ், இச்செபநூலில் அவனது அகவுலகைத் தேடியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

வாய்பாட்டு மொழியும் தனிமொழியும்

மேற்கண்ட விளக்கங்களுக்கு முன் எழுப்பவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இச்செபம் ரிச்சர்டுக்காக இயற்றப்பட்டதா? சட்டன், விஸர்-ஃபூக்ஸ் ஆகியோரின் ஆய்வும், ஆங்கிலேயச் செபநூல்களின் ஓரக்குறிப்புகளைத் தொகுத்தாராய்ந்து 2006இல் நூல் வெளியிட்ட ஈமன் டஃபியின் ஆய்வும் இதற்கு 'அன்று' என்று விடையளிக்கின்றன. இதே செபம் ஐரோப்பாவின் பல பகுதிகளைச் சேர்ந்த கைப்பிரதிகளில் காணப்படுகிறது. புனித அகுஸ்தீனால் இயற்றப்பட்டது என்றும், முப்பது நாள் தொடர்ந்து செபிப்போரின் துன்பம் நீங்கும் என்றும் அதற்கு முன்னுரைக் குறிப்புகள் வழங்கின. துன்பத்தில் இருப்போர் எவரும் பயன்படுத்தத்தக்க பொதுச் செபமாகவே அது விளங்கிற்று. பகைவரைப் பற்றிய சொற்களும் அப்பொதுப் பாடத்தைச் சார்ந்தவையே.

விடுவிக்கப்பட்டோர் பட்டியலும் இச்செபத்துக்கே உரியதன்று. இறக்கும் தறுவாயில் இருப்போர்க்காகத் திருச்சபையில் வழங்கிய பழைமையான செபத்திலும் நோவா, ஆபிரகாம், லோத்து, மோசே, தானியேல், தாவீது ஆகியோர் இவ்வாறே அடுக்கப்படுகின்றனர். பொய்க்குற்றச்சாட்டிலிருந்து விடுபட்ட சூசன்னாவும் அப்பட்டியலில் உண்டு. எனவே சூசன்னாவின் பெயரை ரிச்சர்டின் தன்னிலை விளக்கமாகக் கொண்டால், அச்செபத்தைக் கேட்டு இறந்த எண்ணற்றோர் அனைவரையும் பழிசுமத்தப்பட்டோராகக் கொள்ளவேண்டிவரும்.

எஞ்சி நிற்பது பெயர் ஒன்றே. அதுவும் வாய்பாட்டின் உறுப்பு. இவ்வகைச் செபங்களில் செபிப்போனின் பெயர் வரவேண்டிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கும்; படியெடுப்போர் உடைமையாளரின் பெயரை அங்கே இடுவர். இலத்தீனில் பெயர்ச்சொல்லின் ஈறு பால் காட்டுவதால், பெயர் இடப்படாத படிகளிலும் 'ஊழியன்', 'ஊழியள்' என வரும் வடிவைக் கொண்டே அது ஆணுக்கு எழுதப்பட்டதா பெண்ணுக்கு எழுதப்பட்டதா என அறிய இயலும். அவ்வகையில் அரசன் ரிச்சர்டு என்னும் சொற்கள், ஏற்கெனவே இருந்த வெற்றிடத்தை நிரப்பியவையே.

இவ்விடத்தில் ஓர் எதிர்ப்பு எழலாம். பொதுச் செபம் என்பதாலேயே அது உள்ளத்திலிருந்து எழாதது ஆகுமா? ஆகாது. பிறர் சொற்களைத் தன் சொற்களாக ஏற்றுப் படிப்பதே செபத்தின் இயல்பு. பாடம் பொதுவானது என நிறுவுவது, படித்தவன் உணர்ச்சியின்றிப் படித்தான் என நிறுவுவதாகாது. ஆனால் எத்தகைய உணர்ச்சி என்பதைப் பாடத்தின் சொற்கள் நமக்குத் தெரிவிக்கமாட்டா. குற்றவுணர்வுடையவனும் குற்றமற்றவனும் ஒரே சொற்களைப் படித்திருக்க முடியும். ஆகவே சொற்பொருளைக் கொண்டு வழக்காடும் இருதரப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன எனலாம்.

சேர்க்கை முறை தரும் சான்று

அவ்வாறாயின் இச்செபம் ரிச்சர்டைப் பற்றி எதையும் கூறவில்லையா? கூறுகிறது, ஆனால் வேறு வழியில். அதனை நான்கு கூறுகளாகப் பகுக்கலாம்.

முதலாவது காலம். அரசன் என்னும் பட்டம் இடம்பெறுவதால், செபம் 1483 சூன் 26க்குப் பின், அவன் பாஸ்வொர்த் களத்தில் இறந்த 1485 ஆகஸ்ட் 22க்கு முன் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இரண்டாண்டுக்குச் சற்று மிகுதியான இக்கால எல்லை உறுதியானது. மகன் இறந்தபின் எழுதப்பட்டது, அரசி இறந்தபின் எழுதப்பட்டது என்பன போன்ற கூற்றுகளுக்குச் செபத்தின் பாடத்தில் ஆதாரமில்லை.

இரண்டாவது தேர்வு. துன்பநீக்கத்துக்கான செபங்கள் பல வழங்கிய காலத்தில் இந்நீண்ட செபம் தேர்ந்தெடுக்கப்பட்டு எழுதுவிக்கப்பட்டது. தேர்வின் காரணம் புலனாகாவிடினும், தேர்வு நிகழ்ந்தது என்பது மெய்.

மூன்றாவது உழைப்பு. சில சொற்களை ஓரத்தில் கிறுக்குவது வேறு. பல பக்க அளவுக்குச் செபம் ஒன்றை நூலோடு சேர்ப்பது வேறு. பின்னது திட்டமிட்ட செயல். நூலைத் தொடர்ந்து பயன்படுத்தும் எண்ணம் இல்லாதவன் அதனைச் செய்விக்கமாட்டான்.

நான்காவது தன்குறிப்பு. நாட்காட்டிக் குறிப்பிலும் செபத்திலும் அவன் அரசனாகவே குறிக்கப்படுகிறான். உரிமை ஐயுறப்பட்ட ஒருவனின் தனிப்பட்ட செபநூலில் அப்பட்டம் இருமுறை பதிவானது நோக்கத்தக்கது. எனினும் முடிசூடிய மன்னனின் பெயரை வேறெவ்வாறும் எழுதும் வழக்கமில்லை என்பதனையும் மறத்தலாகாது. எனவே இதனைச் சான்றின் எல்லைக்குள் நிறுத்திக் கொள்வதே முறை.

மூன்றாம் சேர்க்கை: மார்கரெட்டின் ஈரடி

பாஸ்வொர்த் போரில் வென்று ஏழாம் ஹென்றியாக முடிசூடியவனின் தாய் மார்கரெட் போஃபோர்ட் (1443–1509). ரிச்சர்டின் செபநூல் அவள் கைக்கு வந்தது. போர்க்களத்தில் மன்னன் கூடாரத்திலிருந்து கைப்பற்றப்பட்டது என்னும் செய்தி பரவலாக வழங்கினும், அது ஊகத்தின்பாற்பட்டதே. அவள் கையில் இருந்தமைக்கு உறுதியான சான்று, நூலின் இறுதிப் பகுதியில் உள்ள எதுகைபட அமைந்த ஆங்கில ஈரடி. இறைவனையும் புனித எட்மண்டையும் முன்னிட்டு ரிச்மண்டு மார்கரெட்டுக்காகச் செபிக்குமாறு அது படிப்போரை வேண்டுகிறது.

இவ்வீரடியில் இரு செய்திகள் உள்ளன. ஒன்று, செபநூலின் மொழி இலத்தீனாக இருக்க, வேண்டுகோள் மட்டும் ஆங்கிலத்தில் அமைந்தமை. இறைவனை நோக்கிய சொல் இலத்தீனிலும், சக மனிதரை நோக்கிய சொல் தாய்மொழியிலும் எழுதப்படும் பகுப்பை இங்குக் காண்கிறோம். மற்றொன்று, வேண்டுகோளின் முன்னிலை. தனக்காகச் செபிக்குமாறு ஒருவர் தம் நூலில் எழுதுவது, அந்நூலைப் பிறர் படிப்பர் என்னும் எதிர்பார்ப்பில்தான். ஆதலால் மார்கரெட் இதனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் வேறொருவர்க்கு வழங்கினாள் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

மார்கரெட் செபநூல்களின் பயன் அறியாதவள் அல்லள். இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ள மற்றொரு செபநூலும் (ராயல் 2 ஏ 18) அவளுடையதே. அதன் நாட்காட்டியில் தன் மகனின் பிறப்பு முதல் பாஸ்வொர்த் வெற்றி வரை குடும்ப நிகழ்வுகள் பதியப்பட்டுள்ளன. அந்நூல் டியூடர் மரபின் குடும்ப ஆவணமாக வளர்ந்தது. அத்தகையவள் கையில் இருந்தும், லாம்பெத் நூலின் நாட்காட்டியில் மூன்றாம் ரிச்சர்டை மன்னன் எனக் கூறும் பிறந்தநாட் குறிப்பு இன்றும் படிக்கத்தக்க நிலையில் உள்ளது. வெற்றிபெற்றோரின் ஆவணத்தில் ரிச்சர்டின் இறந்தநாள் வெற்றிநாளாகப் பதிவாக, தோற்றவனின் நூலில் அவன் பிறந்தநாள் அழியாது நின்றது. இரு நாட்காட்டிகளையும் ஒருங்குவைத்து நோக்குவோர்க்கே இது விளங்கும்.

அழிப்பும் ஒரு சேர்க்கை

இதன் சிறப்பை உணர, அழிக்கப்பட்ட நூல்களோடு ஒப்பிடுதல் வேண்டும். ஆங்கிலேயச் செபநூல்களில் அழிப்பு அரிதன்று. எட்டாம் ஹென்றி உரோமைத் திருச்சபையினின்று பிரிந்தபின், நாட்காட்டிகளில் 'திருத்தந்தை' என்னும் பட்டம் சுரண்டப்பட்டது. 1538இல் வெளியான அரச ஆணை, கேன்டர்பரி பேராயர் புனித தாமஸ் பெக்கெட்டின் பெயரை நூல்களிலிருந்து நீக்கப் பணித்தது. அதனால் டிசம்பர் 29ஆம் நாளுக்குரிய அவர் திருநாள் பல நாட்காட்டிகளில் அடிக்கப்பட்டோ சுரண்டப்பட்டோ காணப்படுகிறது. சிலர் ஆணைக்கு இணங்கியதுபோல் மெல்லிய கோடு ஒன்றை மட்டும் இழுத்து, பெயர் புலப்படுமாறு விட்டனர். அரச ஆணை எவ்வளவு தூரம் இல்லங்களுக்குள் சென்றது என்பதற்கு அம்மெல்லிய கோடுகளே சான்று.

எழுதுவது, சுரண்டுவது, தொடாது விடுவது ஆகிய மூன்றும் பிற்காலத்தாரின் செயல்களே. பிற்சேர்க்கை என்னும் சொல்லை எழுத்துக்கு மட்டும் உரியதாக்காமல் இம்மூன்றையும் தழுவியதாகக் கொள்ளுதல் பொருத்தமாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. லாம்பெத் 474ஆம் கைப்பிரதியில் ஏறத்தாழ 1420, 1483–1485, 1485க்குப் பின் என மூன்று கால அடுக்குகளைப் பிரித்தறிய முடிகிறது. ஒவ்வோர் அடுக்கையும் அதனதன் காலத்தில் வைத்தே பொருள் கொள்ளவேண்டும்.

2. மன்னனின் பெயர் பொதிந்த செபம் பொதுவழக்கிலிருந்த பாடம். அதனைக் குற்ற ஒப்புதலாகவோ குற்றமறுப்பாகவோ கொள்ள இடமில்லை.

3. ஒரு பிற்சேர்க்கையின் சொற்கள் பொதுவானவை என அறிந்தபின்னும், அதன் காலம், தேர்வு, இடம், எழுதிய கை ஆகியன தனிச்சான்றாக நிலைபெறுகின்றன.

4. வாய்பாட்டு மொழியைத் தனிமொழியாக மயங்காமலிருக்க, ஒரு படியை மட்டும் நோக்காது அப்பாடம் வழங்கும் ஏனைய படிகளோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது.

பாஸ்வொர்த்தில் வீழ்ந்தவனின் எலும்புகள் 2012இல் லெஸ்டர் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்டு, 2015 மார்ச்சில் அந்நகரப் பேராலயத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. அவன் முதுகெலும்பு வளைந்திருந்தது என்பதை அவை காட்டின; எவ்வாறு வெட்டுண்டு இறந்தான் என்பதையும் காட்டின. அவன் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை எலும்புகள் கூறவில்லை, செபநூலும் கூறவில்லை. அரசனான ஒருவன், பிறர் கைபட்ட பழைய செபநூலொன்றை ஏற்று, அதில் தன் பிறந்தநாளை எழுதி, துன்பப்படுவோர் அனைவர்க்கும் பொதுவான செபத்தில் தன் பெயரையும் இடுவித்தான் என்பதே நாம் உறுதியாகக் கூறத்தக்கது. சான்று தரும் அளவே அறிந்து அதனோடு நிற்பது, இறந்தோர்க்கு ஆய்வாளன் செய்யும் நீதியாகும்.